ஆன்லைனில் வாங்கிய பொருள் பழுதானால்: தென்னாப்பிரிக்காவில் பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

2023 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது டர்பனில் எங்கள் வீட்டுக்கு ஆன்லைனில் ஒரு மிக்ஸி வாங்கினேன். விலை 2,199 ரேண்ட். அக்டோபர் 20ஆம் தேதி கூரியர்காரர் வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். பண்டிகை முழுக்க நன்றாகத்தான் ஓடியது. நவம்பர் 29 காலை, ஊறவைத்த உளுந்து ஒரு கப் போட்டுத் திருகினேன். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் மட்டும் வந்தது, பிளேடு அசையவில்லை. அடியிலிருந்து ரப்பர் கருகும் வாடை. அணைத்துக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே முனகல்.

கடைக்கு எழுதினேன். முதலில் "கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்றார்கள். பிறகு "வவுச்சர் தருகிறோம்" என்றார்கள். அதற்கும் பிறகு "லோட் ஷெட்டிங்கில் (முறைவைத்து வரும் மின்வெட்டில்) மின்னழுத்தம் ஏறி மோட்டார் போய்விட்டது, எங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். கடைசியில் ஜனவரியில் முழுப் பணமும் வந்தது. அந்த ஏழு வாரத்தில் கற்றதையும், அதன்பின் கோவிலிலும் தமிழ் வகுப்பிலும் பழகியவர்களுக்குப் புகார் எழுதிக்கொடுத்தபோது தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எழுதக் காரணம் ஒன்றுதான். நம்மில் நிறையப் பேர் கடைக்காரர் சொன்னதைச் சட்டம் என்று நம்பிவிடுகிறோம். சாட்ஸ்வர்த்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி, "கடைக்காரன் முடியாதுன்னுட்டான் கண்ணு, போனா போகுது" என்று நாலாயிரம் ரேண்ட் ஃப்ரீஸரை ஓரங்கட்டி, அதன்மேல் துணி மடித்து வைத்திருந்தார். வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பணம் முழுக்க அவருடையது. கேட்கவேண்டிய விதத்தில் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் உங்கள் வழக்கு எந்த வகை என்று பாருங்கள்

ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பிக்கொடுக்கக் காரணம் மூன்று விதமாக இருக்கலாம். மூன்றுக்கும் சட்டம் வேறு, கெடு வேறு. இதைக் குழப்பிக்கொண்டு தவறான கெடுவைப் பிடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

பொருள் பழுது என்றால் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதில் 56ஆம் பிரிவு. இங்கே எல்லோரும் சி.பி.ஏ. என்றுதான் சொல்வார்கள். 2011 மார்ச் 31 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. கெடு, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம்.

பொருளில் குறையில்லை, பிடிக்கவில்லை அல்லது அளவு சரியில்லை என்றால் 2002ஆம் ஆண்டின் 25ஆம் எண் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், 44ஆம் பிரிவு. கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ரத்து செய்த 30 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். இதற்கு விலக்குகள் உண்டு. புத்தகம், பத்திரிகை, உறை பிரித்த மென்பொருள், சீக்கிரம் கெட்டுப்போகும் பண்டம், உங்கள் அளவுக்கென்றே தைத்த ரவிக்கை போன்றவற்றை இந்த ஏழு நாள் விதியில் திருப்ப முடியாது. ஆனால் அந்த ரவிக்கையின் தையலே பிரிந்து வந்தால் அது பழுது. அப்போது 56ஆம் பிரிவுக்குப் போகலாம்.

பொருள் வந்தே சேரவில்லை என்றால் அதே 2002 சட்டத்தின் 46ஆம் பிரிவு. வேறு தேதி பேசிக்கொள்ளாதவரை, ஆர்டர் கிடைத்த 30 நாளுக்குள் கடை அனுப்பியாக வேண்டும். தவறினால் ஏழு நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம்.

இன்னொன்று. விற்பவரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி, மொத்த விலை, திருப்பும் விதி ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகக் காட்டவேண்டும் என்று 43ஆம் பிரிவு சொல்கிறது. காட்டாத தளத்தில் வாங்கியிருந்தால், பொருள் வந்த 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். முகவரியே இல்லாத தளங்களிடம் ஏமாந்தவர்களுக்கு இது கைகொடுக்கும்.

இனி எழுதப்போவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி. பழுதான பொருளைப் பற்றி.

56ஆம் பிரிவு உண்மையில் என்ன சொல்கிறது

பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் அது தரக்குறைவாகவோ பழுதாகவோ பாதுகாப்பற்றதாகவோ இருந்தால், தண்டனைக் கட்டணம் எதுவும் இல்லாமல், விற்பவரின் செலவிலும் பொறுப்பிலும் திருப்பிக்கொடுக்கலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் தருவதா என்பது வாங்கியவர் சொல்கிறபடி நடக்கவேண்டும். மறுபடி படியுங்கள்: வாங்கியவர் சொல்கிறபடி. கடை தன் தளத்தில் "நாங்கள் பழுதுபார்த்துத்தான் தருவோம்" என்று பத்து வரி எழுதி வைத்திருந்தாலும் அது சட்டத்தை மீற முடியாது.

ஆறு மாதத்தை ஆர்டர் போட்ட நாளிலிருந்து எண்ணக்கூடாது, கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணவேண்டும். கறுப்பு வெள்ளி விற்பனையில் வாங்கி, டிசம்பர் நெரிசலில் மூன்று வாரம் கழித்து வந்த பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

இந்தப் பொறுப்பு கடைக்கு மட்டும் இல்லை. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், விற்றவர் என ஒவ்வொருவருமே தரத்துக்கு உத்தரவாதம் தருவதாகச் சட்டம் வைத்துக்கொள்கிறது. அதனால் நீங்கள் யாரிடம் பணம் கட்டினீர்களோ அவரையே கேட்கலாம். பெரிய தளங்களில் பொருளை விற்பது பெரும்பாலும் வேறொரு சிறு வியாபாரி. "நாங்கள் இடம் மட்டும்தான் தருகிறோம்" என்று தளம் சொன்னால், வியாபாரியின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் வாங்கி, இருவருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள்.

ஒரு பொறி இருக்கிறது, கவனம். "முதலில் ரிப்பேர் செய்து பாருங்கள்" என்று நீங்களே ஒப்புக்கொண்டால் நீங்கள் தேர்வு செய்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். பழுதுபார்த்த மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு நீடித்தாலோ வேறு கோளாறு வந்தாலோ, இன்னொரு தடவை பழுதுபார்க்கிறேன் என்று இழுக்க முடியாது, மாற்றித் தரவேண்டும் அல்லது பணம் தரவேண்டும். ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். பணம்தான் வேண்டும் என்றால் முதல் கடிதத்திலேயே பணம் என்று கேட்டுவிடுங்கள்.

சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. தன் பழைய ஃபோனை விற்கும் தனிநபரிடம் வாங்கியது இதில் வராது, தொழிலாக விற்பவர்தான் வருவார். ஏலத்தில் எடுத்ததும் வராது. "கீறல் விழுந்தது, ஸ்பீக்கர் வேலை செய்யாது" என்று குறையைக் குறிப்பிட்டுச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால், அந்தக் குறைக்காகத் திருப்ப முடியாது. மறுபக்கம், கோவில் கமிட்டியோ சின்ன கேட்டரிங் கம்பெனியோ வாங்கியிருந்தாலும், அதன் ஆண்டு விற்றுமுதலும் சொத்து மதிப்பும் 20 லட்சம் ரேண்டுக்குக் கீழ் இருந்தால் இந்தப் பாதுகாப்பு உண்டு.

படி 1: பழுதான அன்றே செய்யவேண்டியது

ஓட்டுவதை நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். திருப்புளியை எடுக்காதீர்கள். பக்கத்துத் தெரு ரிப்பேர் அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொண்டுபோகாதீர்கள். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினாலும் "வாங்கியவர் பிரித்து மாற்றிவிட்டார்" என்று சொல்ல வழி கிடைத்துவிடும். சட்டமும் அந்த வாதத்தை ஏற்கிறது.

பிறகு ஒரு வீடியோ. ஒரே ஷாட்டில் எடுங்கள்: பிளக் மாட்டப்பட்டிருப்பது, அதே பிளக்கில் வேறு விளக்கு எரிவது, பிறகு உங்கள் பொருள் ஓடாதது. நான் எடுத்தது 40 விநாடி. அதில் அந்த முனகல் கேட்டது, கப் உளுந்தும் ஜாரின் அளவுக்கோடும் தெரிந்தன. பிற்பாடு "அதிகம் போட்டு அரைத்தீர்கள்" என்றபோது அந்தக் கோடுதான் எனக்குச் சாட்சி. அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் ஸ்டிக்கரையும் படம் எடுங்கள். கருகிய இடம், விரிசல், கசிவு எதுவானாலும் நகக்கண் தெரியும் அளவுக்குக் கிட்டத்தில் ஒன்று, தள்ளி நின்று ஒன்று.

படி 2: தேதியும் தாளும்

ஒரு கோப்புறையில் இவற்றைச் சேருங்கள்: ஆர்டர் மின்னஞ்சல், இன்வாய்ஸ், வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்., கூரியர் சீட்டு அல்லது பார்சல் லாக்கரில் பொருளை எடுத்ததற்கான குறுஞ்செய்தி, பொருளின் விற்பனைப் பக்கத்தை எடுத்த ஸ்கிரீன்ஷாட். கடைசியாகச் சொன்னதை இன்றே எடுங்கள். விற்றுத் தீர்ந்ததும் அந்தப் பக்கம் மறைந்துவிடும், "750 வாட், உளுந்து அரைக்கும்" என்று எழுதியிருந்ததும் அதோடு போய்விடும்.

வாங்கும் முன் கடையின் சாட்டில் ஏதாவது கேட்டிருந்தீர்களா? "இதில் காய்ந்த மஞ்சள் அரைக்கலாமா?" என்று கேட்டு, அவர்கள் "தாராளமாக" என்று சொல்லியிருந்தால் அது பொன்னான சாட்சி. குறிப்பிட்ட உபயோகத்தைச் சொல்லி வாங்கினால் அந்த உபயோகத்துக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, 55ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இங்கே விற்கும் பல லிக்விடைசர்கள் ஜூஸுக்கும் சூப்புக்கும் செய்தவை. நம் சமையலறை வேலை வேறு. அதனால் இப்போதெல்லாம் நான் கேட்டு, பதிலைச் சேமித்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

படி 3: முதல் கடிதம்

ஃபோனில் பேசுவது வீண் என்று சொல்லமாட்டேன், ஆனால் பேசியது எதுவும் எழுத்தில் இல்லையென்றால் பேசாததற்குச் சமம். மின்னஞ்சலில் எழுதுங்கள். தளத்தின் படிவத்தில்தான் எழுதமுடியும் என்றால் எழுதிவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோபம் வேண்டாம், கதை வேண்டாம். நான் எழுதியது இவ்வளவுதான். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது இதே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்:

*ஆர்டர் எண் இன்னது. பொருள் இன்னது, சீரியல் எண் இன்னது. 20 அக்டோபர் 2023 அன்று என் கைக்கு வந்தது. 29 நவம்பர் 2023 அன்று மோட்டார் சுழல்வது நின்றது, கருகிய வாடை வந்தது. கையேட்டில் சொன்ன அளவுக்குள்தான் பயன்படுத்தினேன். வீடியோவும் படங்களும் இணைத்துள்ளேன்.*

*2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56(2) பிரிவின்படி, இது ஆறு மாதத்துக்குள் ஏற்பட்ட பழுது. பழுதுபார்த்தல், மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் நான் கேட்பது செலுத்திய முழுப் பணம். உங்கள் செலவில் பொருளை எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்யவும். ஏழு வேலைநாளுக்குள் எழுத்தில் பதில் தரவும். தராவிட்டால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஆம்பட்ஸ்மனிடம் புகார் செய்வேன்.*

ஆம்பட்ஸ்மன் என்பவர் கடைக்கும் வாங்கியவருக்கும் நடுவே நின்று புகாரைத் தீர்த்துவைப்பவர், படி 7இல் விவரம் வரும். ஏழு வேலைநாள் என்பது சட்டம் வைத்த கெடு இல்லை, நான் வைத்தது. ஒரு தேதி இருந்தால்தான் அடுத்த படிக்குப் போவதற்கு நமக்கே தெம்பு வரும்.

ஒரு சின்ன வருத்தம். இந்நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில், மதித்துப் பேணவேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் புகார் படிவம் எதுவும் தமிழில் இல்லை. ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் உட்கார்ந்து எழுதிக்கொடுங்கள். அரைமணி நேர வேலைதான்.

படி 4: கடை சொல்லும் பதில்களும் நீங்கள் சொல்லவேண்டியதும்

சண்டை இங்கேதான் நடக்கும். நிதானமாகப் பாருங்கள்.

*"எங்கள் கொள்கைப்படி 30 நாள்தான்."* கடையின் 30 நாள் அது தானாகத் தரும் சலுகை. சட்டத்தின் ஆறு மாதம் அதற்கு மேலே நிற்கிறது. "உங்கள் கொள்கையை மதிக்கிறேன், நான் கேட்பது 56(2) பிரிவின் உரிமை" என்று ஒரே வரி எழுதுங்கள்.

*"தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்கு நீங்களே கொண்டுபோங்கள்."* விற்றவரும் உத்தரவாதம் தருபவர்தான். சர்வீஸ் சென்டரில் காட்டவேண்டும் என்றால் அவர்கள் அனுப்பிக்கொள்ளட்டும். நான் வேலைக்கு விடுப்பு போட்டுப் பைன்டவுன் வரை மிக்ஸியைச் சுமந்து போகவேண்டியதில்லை.

*"வவுச்சர்தான் தரமுடியும்."* பிரிவில் இருப்பது செலுத்திய விலையைத் திருப்பித் தருவது. வவுச்சர் உங்களுக்குப் பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டாயம் இல்லை. வந்த வவுச்சரைப் பயன்படுத்திவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும், அதைத் தொடாதீர்கள்.

*"பெட்டி இல்லையே, எடுக்கமாட்டோம்."* பிடிக்காமல் திருப்பும்போது பெட்டி முக்கியம். பழுதுக்குத் திருப்பும்போது தண்டனை எதுவும் கூடாது என்கிறது சட்டம். தெர்மோகோலைத் தூக்கிப் போட்டதற்காக 2,199 ரேண்டை இழக்கவேண்டியதில்லை.

*"பரிசோதனைக் கட்டணம் கட்டுங்கள்."* பழுது உண்மையா, தவறாகப் பயன்படுத்தியதா என்று அவர்கள் சோதித்துப் பார்ப்பது நியாயம்தான், அதைத் தடுக்காதீர்கள். ஆனால் பழுதான பொருள் திரும்பிப் போவது அவர்கள் செலவில். கட்டணம் கட்ட முடியாது என்று எழுத்தில் மறுங்கள்.

*"மின்னழுத்தம் ஏறியதால் போயிற்று."* தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இந்த வாசகம் நன்றாகத் தெரியும். மின்சாரம் போய்த் திரும்பும்போது அழுத்தம் எகிறிப் பொருள்கள் பாழாவது நிஜம். அதனாலேயே எந்த மோட்டார் போனாலும் இந்தக் காரணத்தைச் சொல்வது சுலபமாகிவிட்டது. நான் நாலு விஷயம் கேட்டேன். சோதித்த டெக்னீஷியனின் எழுத்து அறிக்கை வேண்டும். எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொல்லவேண்டும். அந்தப் பாகத்தின் படம் வேண்டும். அழுத்தம்தான் காரணம் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று சொல்லவேண்டும். வந்த அறிக்கை ஒரே வரி: "மின்னழுத்தச் சேதம், உத்தரவாதம் செல்லாது." படம் இல்லை. எங்கள் பகுதியில் அன்று மின்வெட்டு மதியம்தான், மிக்ஸி நின்றது காலை ஏழு மணிக்கு. வெட்டு அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்தேன். அதே பிளக் பலகையில் இருந்த ஃப்ரிட்ஜும் ரவுட்டரும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றும் எழுதினேன்.

உங்களிடம் இப்படி ஆதாரம் இல்லையென்றால், பொருள் திரும்பி வந்தபின் பதிவு பெற்ற ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கலாம். அவர் பிரிப்பதற்கு முன் கடைக்குத் தெரியப்படுத்துங்கள். விலை உயர்ந்த டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இந்தச் செலவு தகும். 400 ரேண்ட் இஸ்திரிப் பெட்டிக்குத் தகாது, நேரே ஆம்பட்ஸ்மனிடம் போங்கள்.

படி 5: திருப்பி அனுப்பும்போது

கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஜார், மூடி, கையேடு என உள்ளே வைத்ததை எண்ணி எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கூரியர் சீட்டு இல்லாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஃபோன், லேப்டாப் என்றால் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளே இருக்கும் படங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். இவ்வளவு போதும்.

படி 6: கார்டில் கட்டியிருந்தால் வங்கி

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், இதற்கும் கெடு இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு மூலம் கட்டிய தொகையை, பொருள் வராவிட்டாலோ பழுதாக வந்தாலோ திரும்பப் பெற உங்கள் வங்கி முறையிடலாம். சார்ஜ்பேக் என்பார்கள். கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு இரண்டுக்கும் உண்டு. பொதுவாக 120 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கி அதைவிடக் குறைந்த கெடு வைத்திருக்கலாம், அதனால் கடை முதல் முறை மறுத்தவுடனே வங்கியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடையிடம் முதலில் கேட்டதற்கும் பொருளைத் திருப்ப முன்வந்ததற்கும் ஆதாரம் கேட்பார்கள். படி 3இல் எழுதிய மின்னஞ்சல் அங்கே உதவும்.

இ.எஃப்.டி.யில், அதாவது உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கடையின் கணக்குக்கு, நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தால் இந்த வழி இல்லை. தெரியாத கடை என்றால் கார்டில் மட்டும் கட்டுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். வங்கியே சரியாக நடக்கவில்லை என்றால் அதற்கு மேலே தேசிய நிதி ஆம்பட் திட்டம் இருக்கிறது. முன்பு தனித்தனியாக இருந்த வங்கி, கடன், காப்பீட்டு ஆம்பட்ஸ்மன்கள் 2024 மார்ச் முதல் அதில் ஒன்றாகிவிட்டார்கள். அங்கேயும் கட்டணம் இல்லை.

படி 7: ஆம்பட்ஸ்மன்

நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தைச் சுருக்கமாக சி.ஜி.எஸ்.ஓ. என்பார்கள். தொலைபேசி 0860 000 272. புகார் செய்யக் காசு கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அவர்கள் தளத்தில் படிவம் இருக்கிறது. படி 2இல் சேர்த்த கோப்புறையை அப்படியே ஏற்றிவிடலாம்.

அவர்கள் முதலில் பார்ப்பது, நீங்கள் கடையிடம் கேட்டுவிட்டீர்களா என்பதுதான். கேட்காமல் நேரே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேட்டிருந்தால் உங்கள் புகாரைக் கடைக்கு அனுப்புவார்கள். கடை பதில் தர 15 வேலைநாள். பதிலில் தீராவிட்டால் இரு தரப்பையும் பேசவைத்துச் சமரசத்துக்கு முயல்வார்கள். அதுவும் முடியாவிட்டால் தங்கள் பரிந்துரையைச் சொல்வார்கள். பரிந்துரை நீதிமன்றத் தீர்ப்பைப் போலக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பெரும்பாலும் அதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது என்பது என் அனுபவம். வாடிக்கையாளர் சேவையில் ஒட்டிவைத்த பதிலை அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் கையிலிருந்து கோப்பு மேலே ஒருவரிடம் போகிறது, அவர் சட்டம் தெரிந்தவர். நான் டிசம்பர் 15 அன்று புகார் ஏற்றினேன். அந்த 15 வேலைநாள் முடிவதற்குள் கடையிலிருந்து "உங்கள் வங்கி விவரத்தை உறுதிசெய்யவும்" என்று மின்னஞ்சல் வந்தது.

படிவத்தில் 'நீங்கள் வேண்டுவது என்ன' என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே 'நியாயம்' என்று எழுதாதீர்கள். '2,199 ரேண்ட், என் கார்டுக்கு' என்று எழுதுங்கள்.

படி 8: அதற்கும் மசியாவிட்டால்

இரண்டு பாதை. தேசிய நுகர்வோர் ஆணையம் ஒன்று. அது விசாரித்து தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம். தீர்ப்பாயம் ஆண்டு விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 10 லட்சம் ரேண்ட், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போடமுடியும். ஆனால் அது பலரை ஏமாற்றும் கடைகளை மடக்குவதற்கான ஆயுதம். உங்கள் ஒரு மிக்ஸிப் பணம் கைக்கு வர அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது சிறு கோரிக்கை நீதிமன்றம். 2019 ஏப்ரல் முதல் 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம். வக்கீல் வாதாடக்கூடாது, கடை பக்கமும் கூடாது. அதுதான் அதன் அழகு. கம்பெனி உங்கள்மேல் அங்கே வழக்குப் போடமுடியாது, நீங்கள் கம்பெனிமேல் போடலாம். மற்ற வழிகள் தீர்ந்தபின்தான் நீதிமன்றம் என்று சி.பி.ஏ.யின் 69ஆம் பிரிவு சொல்வதால், ஆம்பட்ஸ்மன் முடித்து அனுப்பிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

முதலில் கடைக்கு 14 நாள் கெடு வைத்த கோரிக்கைக் கடிதம், நேரிலோ பதிவுத் தபாலிலோ. மின்னஞ்சல் மட்டும் போதாது. கெடு முடிந்ததும், கடிதத்தின் நகல், தபால் ரசீது, கோப்புறை ஆகியவற்றோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இருக்கும் சிறு கோரிக்கைக் கிளார்க்கைப் பாருங்கள். சாட்ஸ்வர்த்திலும் வெருலத்திலும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. கடையின் அலுவலகம் கேப்டவுனில் இருந்தால் எந்த ஊரில் போடுவது என்பதை கிளார்க்கிடமே கேளுங்கள், படிவம் நிரப்பவும் அவர் உதவுவார். சம்மனை ஷெரிஃப் மூலம் கொடுத்தால் அந்தச் செலவு மட்டும் உங்களுடையது. விசாரணை நாளில் பழுதான பொருள் உங்களிடம் இருந்தால் எடுத்துப் போங்கள். தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

ஆறு மாதம் தாண்டியவர்களுக்கும் வெளிநாட்டில் வாங்கியவர்களுக்கும்

ஆறு மாதம் தாண்டினால் தேர்வு உங்கள் கையை விட்டுப் போகிறது. தயாரிப்பாளர் தந்த ஓராண்டு, ஈராண்டு உத்தரவாதம் இருந்தால் அதன்படி, பெரும்பாலும் பழுதுபார்த்துத் தருவார்கள். ஆறாம் மாதம் முடிய ஒரு நாள் இருந்தாலும் அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

சீனத் தளத்திலோ சென்னைக் கடையிலோ வாங்கியிருந்தால், இந்நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஏட்டில் இருந்தாலும் அவர்களைப் பிடித்து இழுத்துவர யாரும் இல்லை. அந்தத் தளத்தின் சொந்தப் புகார் முறையும் உங்கள் வங்கியின் சார்ஜ்பேக்கும்தான் உங்களுக்கு உள்ளவை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி வங்கிக்கணக்கு எண்ணை அனுப்பும் புடவைக் கடைகளிடம் பெரிய தொகை கட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

பணம் வரும்போது

'ரீஃபண்ட் பிரிவிலிருந்து பேசுகிறோம்' என்று யாராவது கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். பணம் திருப்பித் தர எந்தக் கடைக்கும் உங்கள் ஓ.டி.பி. வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம்.

வந்த தொகையைச் சரிபாருங்கள். பயன்படுத்திய நாள்களுக்கு என்று 56ஆம் பிரிவில் கழிக்க இடமில்லை. டெலிவரிக் கட்டணம் மட்டும் அந்தப் பிரிவில் பெயர் சொல்லப்படாதது, பொருளுக்குக் கொடுத்த விலை என்றுதான் இருக்கிறது. எனக்கு ஜனவரியில் 2,199 வந்தது. டெலிவரிக்குக் கட்டிய 60 ரேண்ட் வரவில்லை. பழுதான பொருளைக் கொண்டுவந்து தந்ததற்கு நான் ஏன் காசு தரவேண்டும் என்று ஒரு வரி எழுதினேன். மூன்றாம் நாள் அதுவும் வந்தது.